மெயில் வந்தா மணி அடிக்கணுமா, வேண்டாமா?

#1 நூல்கண்டு (திருப்பூர்), திங்கள் இரவு 10:52

எல்லாருக்கும் வணக்கமுங்க. இங்க படிச்சுட்டுப் போறதோட சரி, எழுதறது இதுதான் முதல் தடவை.

நான் பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசர், துணி வாங்கற கம்பெனிக்கும் (பையர்) எங்களுக்கும் நடுவுல ஆர்டரைப் பார்த்துக்கற வேலை. பன்னெண்டு வருசம் ஆச்சு. ஒரு நாளைக்கு 120, 150 மெயில் வரும். பாதி சும்மா சிசி-ல போட்டது. மிச்சத்துல கூரியர் நம்பர், பேங்க், வெபினார்னு குப்பை. நெசமாவே நான் பார்த்தே ஆகணும்ங்கற மெயில் பத்துப் பதினஞ்சு தேறும்.

ரெண்டு வருசம் முன்ன வரைக்கும் எல்லாத்துக்கும் போன்ல சத்தம் வெச்சிருந்தேன். சாப்புடறப்ப டிங், பையனுக்குக் கணக்குச் சொல்லித் தர்றப்ப டிங். ஒரு கட்டத்துல மிக்சி ஓடறப்பக்கூட டிங்குன்னு கேக்கற மாதிரியே இருக்கும், எடுத்துப் பார்த்தா ஒண்ணும் இருக்காது. வீட்டுக்காரர் போனை வாங்கி மொத்தத்தையும் அணைச்சு வெச்சார். நிம்மதியாத்தான் இருந்துச்சு.

போன வாரம் மாட்டிக்கிட்டேன். ஜெர்மனி பையருக்கு, நேவி ப்ளூ கலருக்கு லேப் டிப் (சின்னத் துண்டுல சாயம் போட்ட சாம்பிள்) மூணு ஷேடு அனுப்பியிருந்தோம். ஏ ஷேடு வேண்டாம்னு முதல்லயே சொல்லிட்டாங்க, பி பரவால்லங்கற மாதிரி பேசிட்டு இருந்தாங்க. அப்புறம் சாயங்காலம் 7:40-க்கு, "லைட் பாக்ஸ்ல பார்த்தோம், பி-யும் சரியில்ல, மறுபடி புதுசாப் போட்டு அனுப்புங்க"ன்னு ஜெர்மனியில இருந்து மெயில். நான் பார்த்தது மறுநாள் காலையில 9:15. டையிங்ல (சாயம் போடற பட்டறையில) ஆறு மணிக்கே 400 கிலோ துணியை பி ஷேடுல ஏத்திட்டாங்க.

முதலாளி ஒண்ணும் திட்டலைங்க. "இனிமே எல்லா மெயிலுக்கும் சத்தம் வெச்சுக்கம்மா, ராத்திரியும்"னு மட்டும் சொன்னார். திட்டியிருந்தாக்கூடத் தேவலாம்.

அந்த டிங் வாழ்க்கைக்குத் திரும்பிப் போக எனக்கு இஷ்டமில்ல. நடுவுல ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?


#2 கடைசிபெஞ்ச் (சென்னை), திங்கள் இரவு 11:20

மேடம், தயவுசெஞ்சு திரும்ப ஆன் பண்ணிடாதீங்க. நான் மூணு வருஷமா எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு காலை, மதியம், மாலைன்னு மூணு வேளை மட்டும் மெயில் பார்க்கிறேன். மாத்திரை மாதிரி.

இதுக்கு ஆராய்ச்சியே இருக்கு. 2015-ல் குஷ்லெவ், டன் ரெண்டு பேரும் கனடாவுல 124 பேரை வெச்சு பண்ணாங்க. ஒரு வாரம் நாளைக்கு மூணு தடவை மட்டும் பார்க்கணும், அறிவிப்பெல்லாம் அணைச்சிடணும். இன்னொரு வாரம் இஷ்டத்துக்குப் பார்த்துக்கலாம். மூணு வேளை வாரத்துல மன அழுத்தம் குறைஞ்சுதுன்னு முடிவு. அதுக்கும் முன்னாடி இங்கிலாந்துல லஃப்பரோ பல்கலைக்கழகத்துல ஒரு ஆபீஸ்ல கவனிச்சு எழுதியிருக்காங்க: வர்ற மெயிலில் 70 சதவீதத்தை வந்த 6 விநாடிக்குள்ள திரும்பிப் பார்த்துடறாங்க, பார்த்துட்டு விட்ட வேலைக்குத் திரும்ப வர சராசரியா 64 விநாடி ஆகுது. 150 மெயிலுக்கு நீங்களே பெருக்கிப் பாருங்க.


#3 நூல்கண்டு (திருப்பூர்), செவ்வாய் காலை 7:05

பெருக்கிப் பார்த்தேனுங்க, ரெண்டு மணி நேரம் நாப்பது நிமிஷம் வருது. பயமாத்தான் இருக்குது.

ஆனா உங்க மூணு வேளை எனக்கு ஒத்து வராதுங்க. ஜெர்மனிக்காரங்க ஆபீசுக்கு வர்றதே நமக்கு மதியம் பன்னெண்டரை. அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை அவங்க கடிகாரத்தைத் திருப்பி வெச்சுட்டா ஒண்ணரை ஆயிரும். காலையில பார்த்தா பெட்டியில கூரியர்காரன் மட்டுந்தான் இருப்பான். அவங்க முடிவெடுக்கறது மத்தியானத்துக்கு மேல. நமக்கு 7, 8 மணி. நான் அப்ப தோசை ஊத்திட்டு இருப்பேன்.


#4 கடைசிபெஞ்ச் (சென்னை), செவ்வாய் காலை 9:31

அப்போ வேளையை மாத்துங்க. 12:45, 4, 9. யாரு காலையில பார்க்கச் சொன்னது?


#5 இரவுக்காவல் (சென்னை), செவ்வாய் காலை 10:14

ஓ.எம்.ஆர்.ல சர்வர் சப்போர்ட். ராத்திரி ஷிப்ட். சத்தத்தை நம்பி வாழறவன் நான், அதனால சொல்றேன்: அவசரத்துக்கு மெயிலை நம்பாதீங்க, நோட்டிஃபிகேஷன் இருந்தாலும் இல்லாட்டியும்.

மெயில் உடனே வந்தே தீரணும்னு எந்த விதியும் இல்ல. அனுப்பற சர்வர் தட்டுது, வாங்கற சர்வர் "இப்ப முடியாது, அப்புறம் வா"ன்னு சொன்னா, திரும்பத் தட்டறதுக்கு நடுவுல அரை மணி நேரமாவது விடணும்னு ஆர்.எஃப்.சி. 5321ங்கற மெயில் விதிமுறை ஆவணம் சொல்லுது. விடாம நாலஞ்சு நாள் வரைக்கும் தட்டிட்டே இருக்கலாம். அப்புறம்தான் "போகலை"ன்னு அனுப்பினவருக்கே திரும்பி வரும். ஸ்பாம் தடுக்கறதுக்காகவே புது ஆள் மெயிலை முதல் தடவை வேணும்னே திருப்பி அனுப்பற சர்வர்களும் இருக்கு. க்ரேலிஸ்டிங்னு பேரு. உங்க 7:40 மெயில் 8:30-க்கு வந்திருந்தாலும் யாரையும் கேள்வி கேட்க முடியாது.

எங்க டீம்ல சர்வர் விழுந்தா மெயில் வராது. போன் அடிக்கும். நான் எடுக்கலைன்னா அஞ்சு நிமிஷத்துல அடுத்தவனுக்கு அடிக்கும். மெயில் அப்புறம் வரும், கணக்குக்கு.


#6 ஓய்வூதியன் (மயிலாப்பூர்), செவ்வாய் காலை 11:40

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் சிறுவயதில் தந்திக்காரர் தெரு முனையில் திரும்பினாலே பாட்டி அழ ஆரம்பித்துவிடுவாள். உறையைப் பிரிப்பதற்கு முன்பே. ஏனென்றால் தந்தி என்றால் சாவு, இல்லாவிட்டால் "உடனே புறப்பட்டு வா". தபால்காரர் தினமும் வருவார், அவரைக் கண்டு யாரும் பதறியதில்லை. அவசரத்துக்கு ஒரு ஆள், சாவகாசத்துக்கு வேறொரு ஆள். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்தியை மூடிவிட்டார்கள். அதற்கெல்லாம் முன்பே மின்னஞ்சல்காரர்கள் இரண்டு வேலையையும் ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

புது மின்னஞ்சல் வந்தால் சொல்வது என்ற யோசனை பழையது. கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் செய்த யுனிக்ஸ் இயங்குதளத்தில், 1980 வாக்கில் வந்த 4.0 பி.எஸ்.டி. என்ற பதிப்பிலேயே, "பிஃப்" என்று ஒரு கட்டளை இருந்தது. பிஃப் என்பது ஹெய்டி ஸ்டெட்னர் என்ற மாணவி வளர்த்த நாய். தபால்காரரைக் கண்டால் குரைக்கும், அதனால் அந்தப் பெயர் என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டு திரிந்தோம். பிறகு அந்த அம்மாளே அது கட்டுக்கதை என்று சொல்லிவிட்டார். நாய் நிஜம். 15 வயதில், 1993 ஆகஸ்டில் இறந்தது என்று கட்டளையின் கையேட்டுப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எத்தனை பேருக்கு இந்தக் கொடுப்பினை!

"பிஃப் ஒய்" என்று தட்டினால் அறிவிப்பு வரும், "பிஃப் என்" என்றால் வராது. அவ்வளவுதான் செட்டிங்ஸ். ஆனால் வருகிற விதம் இருக்கிறதே, நீங்கள் எடிட்டரில் நிரல் எழுதிக்கொண்டிருக்கும்போது திரையின் நடுவில் கடிதத்தின் முதல் சில வரிகள் வந்து விழும். எது உங்கள் எழுத்து, எது கடிதம் என்று தெரியாது. திரையைத் திருப்பி வரையச் சொல்லித் துடைக்க வேண்டும். ஒரு மாதத்தில் எங்கள் பிரிவில் எல்லோரும் "என்" போட்டுவிட்டோம். எங்கள் தலைவர் மட்டும் கடைசி வரை "ஒய்". அவருக்கு மட்டும்தான் மேலிடத்திலிருந்து கடிதம் வரும்.

சகோதரி, உங்கள் முதலாளி உங்களுக்கு "ஒய்" போடச் சொல்கிறார். யாருக்கு "ஒய்", யாருக்கு "என்" என்று பிரிக்க முடியாதா என்பதுதான் உங்கள் கேள்வி என்று நினைக்கிறேன். இளைஞர்கள் சொல்வார்கள்.


#7 நூல்கண்டு (திருப்பூர்), செவ்வாய் மதியம் 1:15

ஐயா, அதேதானுங்க. நான் நாலு பத்தியில சொன்னதை நீங்க ஒரு வரியில சொல்லிட்டீங்க. நாயைப் பத்திப் படிச்சுட்டு தையல் லைன்ல எல்லார்த்துக்கும் சொன்னேன்.


#8 டீக்கடை_டெவ் (கோவை), செவ்வாய் மதியம் 2:02

அக்கா, மூணு விஷயம் சொல்லுங்க. கம்பெனி மெயில் எங்க இருக்கு, ஜிமெயிலா வேற ஹோஸ்டிங்கா? போன்ல எந்த ஆப்? போன் ஐபோனா ஆண்ட்ராய்டா?


#9 நூல்கண்டு (திருப்பூர்), செவ்வாய் மதியம் 2:20

கம்பெனி பேர்ல டொமைன் இருக்குது. வெப்சைட் வெச்சிருக்கற அதே ஹோஸ்டிங்லதான் மெயிலும். அதைப் பார்த்துக்கற பக்கம் சீபேனல்னு வரும். போன் ஆண்ட்ராய்டு. ஜிமெயில் ஆப்லயே என்னோட சொந்த ஜிமெயிலும் கம்பெனி மெயிலும் ரெண்டும் இருக்குது. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அவுட்லுக்.


#10 டீக்கடை_டெவ் (கோவை), செவ்வாய் மதியம் 3:45

நினைச்சேன். அக்கா, ஒரு உண்மை சொல்லவா? அன்னிக்கு நீங்க சத்தம் வெச்சிருந்தாலும் 7:40-க்கு அடிச்சிருக்காது.

ஜிமெயில் ஆப்ல ஜிமெயில் கணக்கு இருந்தா கூகுள் சர்வரே உங்க போனைத் தட்டி எழுப்பும். அதே ஆப்ல வெளி ஹோஸ்டிங் கணக்கைச் சேர்த்தா அந்த வசதி கிடையாது. போன்தான் அப்பப்போ போய் "ஏதாச்சும் வந்துச்சா"ன்னு கேட்டுட்டு வரும். அந்தக் கணக்கோட செட்டிங்ஸ்ல "சின்க் ஃப்ரீக்வென்சி"ன்னு பாருங்க, 15 நிமிஷம்னு இருக்கும். ரேஷன் கடைக்கு ஆளனுப்பி சர்க்கரை வந்துச்சான்னு விசாரிக்கற மாதிரி.

அந்த 15 நிமிஷமும் நிச்சயமில்ல. ஆண்ட்ராய்டு 6-ல (2015) டோஸ்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. போன் சார்ஜ்ல இல்லாம, திரை அணைஞ்சு, அசையாம மேசை மேல கிடந்தா, ஆப் எதையும் நெட் பக்கம் போக விடாது. எப்பவாச்சும் ஒருமுறை கதவைத் திறந்து விடும், நேரம் ஆக ஆக அந்த இடைவெளி கூடிட்டே போகும். ராத்திரி தலைமாட்டுல கிடக்கற போனுக்கு அதான் நடக்குது. இது போதாதுன்னு சில கம்பெனி போன்ல பேட்டரி மிச்சம் பிடிக்கறேன்னு அவங்க பங்குக்கு ஆப்பையே கொன்னு போட்டுடுவாங்க.

ஐமேப்ல (ஆப் சர்வர்ல இருந்து மெயில் எடுக்கற முறை) இதுக்கு முறையான வழி 1997-லயே இருக்கு. ஐடில்னு பேரு, ஆர்.எஃப்.சி. 2177. நம்ம ஆப் சர்வர்கிட்ட லைனை வெட்டாம வெச்சுக்கிட்டு "நான் இங்கயே உக்காந்திருக்கேன், வந்தா சொல்லு"ங்கும். வந்த நொடி சர்வர் சொல்லிடும். அரை மணி நேரம் பேச்சுமூச்சு இல்லைன்னா சர்வர் வெட்டி விட்டுடலாம்ங்கறதால, 29 நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது "இன்னும் இருக்கேன்"னு புதுப்பிக்கணும். அவ்வளவுதான்.

ஐடில் தெரிஞ்ச ஆப் போடுங்க. தண்டர்பேர்ட் ஆண்ட்ராய்டுக்கு 2024 அக்டோபர்ல வந்துச்சு, பழைய கே-9 மெயில்தான் அது. ஃபேர்இமெயிலும் நல்லா இருக்கும், ஆனா செட்டிங்ஸ் பார்த்தா தலை சுத்தும். எதைப் போட்டாலும் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி ஆப்டிமைசேஷனை எடுத்து விட்டுடுங்க. ஆண்ட்ராய்டு 13-ல இருந்து நோட்டிஃபிகேஷனுக்கு அனுமதி கேட்கும், அவசரத்துல "வேண்டாம்"னு தட்டிடாதீங்க.

இனிமே முக்கியமான சங்கதி. பிரிக்கறதை போன்ல பண்ணாதீங்க, சர்வர்லயே பண்ணுங்க. சீபேனல்ல "ஈமெயில் ஃபில்டர்ஸ்" இருக்கும். இன்னார்கிட்ட இருந்து வந்தா "அவசரம்"ங்கற ஃபோல்டருக்குப் போகட்டும்னு எழுதி வெச்சிடுங்க. தண்டர்பேர்ட்ல அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் புஷ் (வந்த உடனே சொல்ற வசதி) போட்டு, சத்தம் வெச்சுக்கோங்க. இன்பாக்ஸ் ஊமை. ஐடில்ல ஒரு லைனுக்கு ஒரு ஃபோல்டரைத்தான் பார்க்க முடியும். அதனால பத்து ஃபோல்டருக்குப் புஷ் போட்டா பத்து லைன். பல ஹோஸ்டிங்ல ஓடற டவ்காட் சர்வர், ஒரு ஆளுக்கு ஒரு ஐ.பி.யில (நெட் முகவரியில) இருந்து 10 லைனுக்கு மேல சாதாரணமா விடாது. ஒண்ணே போதும்.

(டீ ஆறிப் போச்சு.)


#11 இரவுக்காவல் (சென்னை), செவ்வாய் மாலை 4:10

டெவ் சொன்னது சரி. கூடவே ஒண்ணு: போனோட டோன்ட் டிஸ்டர்ப்ல அந்த ஒரு சேனலுக்கு (நோட்டிஃபிகேஷன் வகைக்கு) மட்டும் விலக்குக் கொடுக்கலாம், ஆண்ட்ராய்டு 8-ல இருந்து உண்டு. இல்லைன்னா ராத்திரி பத்துக்கு மேல எல்லாம் வீண்.


#12 சாயப்பட்டறை (பெருந்துறை), செவ்வாய் இரவு 8:33

எல்லாரும் போனைப் பத்தியே பேசறீங்க. நான் டையிங்ல பதினெட்டு வருசம். அந்தப் பக்கம் நின்னு ஒண்ணு கேக்கறனுங்க.

அப்ரூவல் இல்லாம எந்த மாஸ்டரும் 400 கிலோவை மிசின்ல ஏத்த மாட்டார். நேவின்னா ரியாக்டிவ் டை, உப்பு, சோடான்னு எவ்வளவு போகும்னு அவருக்குத் தெரியும். தப்பானா சாயத்தை உரிச்சு எடுக்கறதும் லேசுப்பட்டதில்ல, துணி பலம் போயிரும். மாஸ்டர் ஏத்தினார்னா யாரோ ஏத்தச் சொல்லியிருக்காங்க. அது யாருங்க அம்மணி?


#13 நூல்கண்டு (திருப்பூர்), செவ்வாய் இரவு 9:50

நாந்தானுங்க.

அன்னிக்கு அஞ்சு மணிக்கு மாஸ்டர் போன் பண்ணினார், மிசின் காலையில காலியாகுது, ஏத்தலாமான்னு. பையர் பி ஓகேங்கற மாதிரிதான் பேசறாங்க, ராத்திரிக்குள்ள மெயில் ஏதும் வரலைன்னா ஏத்திக்கங்கன்னு நாந்தான் சொன்னேன். இதை மேல எழுதலை. எழுதக் கூசுச்சு.


#14 சாயப்பட்டறை (பெருந்துறை), செவ்வாய் இரவு 10:05

அப்புறம் என்னுங்க. மெயில் வந்தா நிறுத்துன்னு வெச்சதுதான் கோளாறு. வந்தா ஏத்துன்னு வெச்சிருந்தா, நீங்க மூணு நாள் போனைப் பார்க்கலைன்னாலும் துணி வெள்ளையாத்தான கிடந்திருக்கும்? மிசின் ஒரு நாள் சும்மா நின்னிருக்கும், அம்புட்டுத்தான்.

உங்க மேல மட்டும் தப்பில்ல. ஷிப்மென்ட் தேதி கழுத்தைப் புடிக்கறப்ப நாங்களும் அப்படித்தான் கேட்டு வாங்கிட்டு ஏத்தறோம்.


#15 ஓய்வூதியன் (மயிலாப்பூர்), புதன் காலை 6:20

சாயப்பட்டறை அவர்களுக்கு என் வணக்கம். ரயில்வேயில் கைகாட்டி மரத்தை அப்படித்தான் அமைப்பார்கள். கம்பி அறுந்தால் கை தானாக "நில்" என்ற நிலைக்கு வந்துவிடும். செய்தி வராவிட்டால் வண்டி நிற்க வேண்டும், ஓடக்கூடாது.


#16 செங்கொடி_தறி (ஈரோடு), புதன் காலை 9:12

என்ன அருமையா எல்லாரும் சேர்ந்து ஒரு பெண் தொழிலாளிக்கு ராத்திரி மணி கட்டி விடறீங்க! இரவு எட்டு மணிக்குத் தோசை ஊத்தற நேரம் யாரோட நேரம்? அதுக்குச் சம்பளம் உண்டா? இதை ஒருத்தரும் கேக்கலையே.

ஃபிரான்சுல 2017 ஜனவரியில இருந்து, 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற நிறுவனங்கள் வேலை நேரத்துக்கு வெளிய தொடர்பைத் துண்டிக்கற உரிமையைப் பத்தித் தொழிலாளிகளோட பேசியாகணும். ஆஸ்திரேலியாவுல 2024 ஆகஸ்ட்ல இதே உரிமைக்குச் சட்டம் அமலுக்கு வந்துச்சு. உங்க ஜெர்மனியிலயே ஃபோக்ஸ்வேகன் 2011-ல தொழிலாளர் குழுவோட ஒப்பந்தம் போட்டு, ஷிப்ட் முடிஞ்ச அரை மணி நேரத்துல பிளாக்பெர்ரி போனுக்கு மெயில் போறதை சர்வர்லயே நிறுத்திச்சு. மறுபடி ஷிப்ட் ஆரம்பிக்க அரை மணி முன்னாடிதான் திறக்கும். நம்ம நாட்டுல எம்.பி. சுப்ரியா சுலே தனிநபர் மசோதாவாக் கொண்டு வந்தாங்க, சட்டமாகலை.

மணியை யார் கழுத்துல கட்டறதுங்கறது செட்டிங்ஸ் இல்லை தோழர்களே.


#17 நூல்கண்டு (திருப்பூர்), புதன் மதியம் 1:40

அண்ணா, நீங்க சொல்றது நியாயந்தான். ஆனா எனக்கு ஒண்ணு தோணுது. அந்தப் பையர் ஆபீஸ் பொண்ணு ராத்திரியில மெயில் போடலைங்க. அவங்களுக்கு அப்ப மத்தியானம் நாலு மணி, டீ நேரம். அவங்க நேரத்துக்குள்ளதான் போட்டாங்க. நடுவுல கடல் இருக்குது, என்ன பண்ண?

முதலாளிகிட்ட இப்படிக் கேக்கலாம்னு இருக்கேன்: மதியம் 12-ல இருந்து ராத்திரி 8 வரைக்கும் ஷிப்ட் போட்டுக் குடுங்க, காலையில வரலைன்னு. பையனை ஸ்கூல்ல விட்டுட்டு நிதானமா வரலாம். குடுப்பாரான்னு தெரியலை.


#18 கடைசிபெஞ்ச் (சென்னை), புதன் மதியம் 2:30

செங்கொடி அண்ணன் சொன்னதை ஏத்துக்கிறேன். ஆனா என் மூணு வேளையில ஒரு ஓட்டை இருக்குன்னு நானே ஒத்துக்கிட்டாகணும், நேத்து தேடிப் பார்த்தப்ப கண்ணுல பட்டுச்சு. 2019-ல் அதே குஷ்லெவ் இன்னும் சிலரோட சேர்ந்து போன் அறிவிப்புகளை வெச்சு ஒரு சோதனை பண்ணியிருக்காரு. நாளைக்கு மூணு தடவை மூட்டையா வந்தவங்க நல்லா இருந்தாங்க. மொத்தமா அணைச்சவங்களுக்குப் பதற்றம் கூடிப் போச்சாம், என்ன வந்திருக்குமோ என்ன வந்திருக்குமோன்னு.

என் மனைவி இதைப் படிச்சுட்டு, "நீ மூணு வேளைன்னு சொல்லிட்டு பாத்ரூம்ல உக்காந்து பார்க்கறியே, அதை எழுது"ங்கறா. எழுதிட்டேன்.


#19 யாழ்_தட்டச்சு (யாழ்ப்பாணம்), புதன் மாலை 5:15

அக்கா, எங்கட ஒப்பீசில நான் ஒரு ஆள்தான் ஈமெயில் பாக்கிறனான். 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தது தெரியும்தானே. ரவுட்டர் நிக்கும், கொஞ்ச நேரத்தில டவரும் போயிடும். புஷ் என்ன, ஐடில் என்ன, ஒண்டும் வராது. கரண்ட் வந்தவுடன எண்பது தொண்ணூறு ஈமெயில் ஒண்டாய் வந்து விழும், போன் துள்ளும்.

அப்ப ஒரு வேலை செய்தனான். அனுப்பிற ஆக்களிட்டச் சொல்லி வைச்சன்: அவசரமெண்டால் ஈமெயில் போட்டிட்டு ஒரு மிஸ்ட் கோல் தாங்கோ. காசும் இல்லை, கதையும் இல்லை. கரண்ட் ஒழுங்காய் வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடேல்ல. கனபேர் மிஸ்ட் கோல் தரமாட்டினம். தங்கட விசயம் அவ்வளவு அவசரமில்லை எண்டு அவைக்கே அப்பதான் விளங்கும்.


#20 டீக்கடை_டெவ் (கோவை), புதன் மாலை 5:40

யாழ் அண்ணே, செலவில்லாத புஷ் சர்வீஸ் இது. ஜெர்மன் பொண்ணு மிஸ்ட் கால் கொடுக்குமான்னுதான் யோசிக்கறேன்.


#21 சிக்னல்_இல்லை (சிங்கப்பூர்), புதன் இரவு 9:05

ஒரு கிளைக்கதை. சத்தம் மட்டும்தான் தொல்லைன்னு நினைக்காதீங்க, எட்டிப் பார்க்கிற வரியும் ஆபத்து. நானும் ஏற்றுமதிப் பக்கம்தான். ஒரு பையரோட விலை பேசிக்கிட்டு இருக்கோம், என் திரையைப் பகிர்ந்திருக்கேன். வலது மூலையில பொத்துன்னு ஒரு பெட்டி. இன்னொரு பையர்கிட்ட இருந்து மெயில், தலைப்புலயே எஃப்.ஓ.பி. (கப்பல்ல ஏத்தற வரைக்குமான) விலை. அதே ஸ்டைல், முப்பது சென்ட் கம்மி. ரெண்டு விநாடிதான் இருந்துச்சு. எதிர்ல இருந்தவங்க ஒண்ணும் சொல்லலை, அடுத்த ரவுண்ட்ல அந்த விலையைத் துல்லியமாக் கேட்டாங்க.

அன்னிலேர்ந்து அவுட்லுக்ல டெஸ்க்டாப் அலர்ட் மொத்தமும் ஆஃப். போன்லயும் லாக் ஸ்கிரீன்ல உள்ளடக்கம் காட்டாதேன்னு வெச்சுட்டேன். "புது மெயில்" வரைக்கும் சொன்னாப் போதும்.


#22 ஆப்பிள்_பழம் (திருச்சி), வியாழன் காலை 8:00

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கவும். ஐபோன்ல ஆப்பிளோட மெயில் ஆப்ல ஜிமெயில் வெச்சிருக்கேன். எப்பவுமே லேட்டாத்தான் வருது, ஏன்?


#23 டீக்கடை_டெவ் (கோவை), வியாழன் காலை 8:22

கூகுள் இலவசக் கணக்குக்கு மைக்ரோசாஃப்ட்டோட எக்ஸ்சேஞ்ச் முறை வழி புஷ் கொடுக்கறதை 2013 ஜனவரியோட புதுசா யாருக்கும் தராம நிறுத்திட்டாங்க. ஆப்பிள் மெயில் ஆப் ஜிமெயிலை ஃபெட்ச் முறையிலதான் (அப்பப்போ போய்க் கேட்டு) எடுக்கும், 15 நிமிஷம், 30 நிமிஷம்னு. உடனே வேணும்னா ஜிமெயில் ஆப்பையே போட்டுக்கோங்க, படிக்கறது எதுல வேணாலும் படிங்க. யார்கிட்ட இருந்து வந்தா சத்தம் வேணும்னு பிரிக்கறதுக்கு ஆப்பிள் மெயில்ல வி.ஐ.பி. பட்டியல் இருக்கு, ஆனா லேட்டா வர்ற மெயிலுக்கு வி.ஐ.பி.யும் லேட்டாத்தான் அடிக்கும்.


#24 நூல்கண்டு (திருப்பூர்), அடுத்த வாரம் வெள்ளி இரவு 9:30

பத்து நாள் ஆச்சு, என்ன ஆச்சுன்னு சொல்லாமப் போனா நல்லா இருக்காது.

டெவ் தம்பி சொன்னபடியே பண்ணினேன். ஹோஸ்டிங்காரங்ககிட்ட கேட்டு சீபேனல் பாஸ்வேர்ட் வாங்கவே ரெண்டு நாள். "அவசரம்" ஃபோல்டர் போட்டு நாலு பேரோட ஐடியைக் குடுத்தேன். தண்டர்பேர்ட்ல அதுக்கு மட்டும் புஷ். டெஸ்ட்டுக்கு முதலாளி ஐடியில இருந்து ஒண்ணு அனுப்பினேன், சொடக்குப் போடறதுக்குள்ள அடிச்சுது. சத்தத்தைப் பையன் தேர்ந்தெடுத்தான், ஏதோ தவளை மாதிரி இருக்குது. முதல் மூணு நாளும் மொத்தம் ஆறு தடவைதான் கத்துச்சு.

நாலாவது நாள் கத்தவே இல்ல. எனக்கு ஒரே சந்தோசம். அடுத்த நாள் பார்த்தா அந்த ஜெர்மன் பொண்ணு லீவுல போயிருச்சு, அதுக்குப் பதிலா வந்த பையன் வேற ஐடியில இருந்து மூணு மெயில் போட்டு இன்பாக்ஸ்ல கிடக்குது. ஆள் பேரை வெச்சு ஃபில்டர் போட்டா இதுதான் கதி. இப்ப "அட்" குறிக்குப் பின்னாடி வர்ற கம்பெனி டொமைனையே குடுத்துட்டேன். அதனால அவங்க அக்கவுண்ட்ஸ்காரங்க போடறதுக்கும் தவளை கத்துது. தலைப்புல "இன்வாய்ஸ்" இருந்தா வேண்டாம்னு இன்னொரு ஃபில்டர் போட்டிருக்கேன். பார்க்கலாம்.

ஷிப்ட் கேட்டேன். முதலாளி யோசிக்கறேன்னார். இன்னும் யோசிச்சுட்டே இருக்கார். செங்கொடி அண்ணா சொன்ன ஃபோக்ஸ்வேகன் கதையைச் சொல்லிப் பார்த்தேன், "நம்ம கார் கம்பெனியாம்மா?"ங்கறார்.

சாயப்பட்டறை அண்ணன் சொன்னதை அன்னிக்கே பண்ணிட்டேன். எழுத்துல ஓகே வராம ஒரு மீட்டர்கூட ஏத்தக்கூடாதுன்னு மாஸ்டர்கிட்ட சொன்னேன். அவர் அதைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டார். இப்பத் தினமும் காலையில அஞ்சே முக்காலுக்குப் போன் பண்ணி, "அம்மணி, ஓகே வந்துருச்சா? ஏத்தட்டுமா?"ங்கறார். வராட்டியும் பண்றார், வந்ததை முந்தின நாளே அனுப்பியிருந்தாலும் பண்றார்.

டெவ் தம்பி, இதுக்கு ஏதாச்சும் ஃபில்டர் இருக்குதுங்களா?


#25 சாயப்பட்டறை (பெருந்துறை), வெள்ளி இரவு 9:58

இல்லீங்க அம்மணி. அவருக்கு ஆறு மணிக்கு மிசின் காலியாகுது.